டெண்டரில் வேண்டியவர், வேண்டாதவர்

பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடை, சந்தையில் வசூல் உரிமை, ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு சப்ளை, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. இவை எல்லாமே சர்க்காரோ, சர்க்காரைச் சேர்ந்த ஸ்தாபனமோ யாரோ ஒருவருக்குக் கொடுக்கிற காண்டிராக்ட். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம்மவர்களில் பலருக்குப் பிழைப்பு இதைச் சுற்றித்தான் இருக்கிறது. சிலர் மேஸ்திரிகள். சிலர் பெரிய காண்டிராக்டரிடம் உள்காண்டிராக்ட் எடுப்பவர்கள். டெண்டர் பாரத்தை டைப் அடித்து, வந்த விலைகளை வரிசைப்படுத்தி ஒப்பீட்டுப் பட்டியல் போடும் குமாஸ்தாக்களும் உண்டு.

டெண்டர் நோட்டீஸ் வெளிவந்த அன்றே, "இது இன்னாருக்கென்று எழுதி வைத்தது" என்ற பேச்சும் கூடவே வெளிவந்துவிடும். அந்தப் பேச்சு பல சமயம் உண்மை. சில சமயம் தோற்றவரின் வயிற்றெரிச்சல். எது எப்படி என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க யாரைக் கூப்பிடுவது என்பது நம் இஷ்டம். மைத்துனனைக் கூப்பிட்டாலும் யாரும் கேட்க முடியாது. சர்க்காருக்கும் அந்த இஷ்டம் உண்டா?

"உண்டு, காண்டிராக்ட் என்பது இரு தரப்பு ஒப்பந்தம், சர்க்காரும் ஒரு தரப்புதானே" என்றுதான் சர்க்கார் வக்கீல்கள் வெகு காலம் வாதாடி வந்தார்கள். அந்த வாதத்தை உடைத்த வழக்குகளில் முக்கியமானது எந்த அணைக்கட்டைப் பற்றியதும் அல்ல, ரயில் பாதையைப் பற்றியதும் அல்ல. ஒரு ஓட்டலும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும்தான் அதன் விஷயம்.

விமான நிலையத்து ஓட்டல்

1977 ஜனவரி 3-ந் தேதி, பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாந்தர ஓட்டல் ஒன்றும் சிற்றுண்டிக் கடைகள் இரண்டும் மூன்று ஆண்டு நடத்துவதற்கு டெண்டர் கோரி, இந்திய சர்வதேச விமான நிலைய ஆணையம் அறிவிப்பு வெளியிட்டது. "பதிவு பெற்ற இரண்டாந்தர ஓட்டல்காரராகவும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவராகவும் இருக்க வேண்டும்" என்பது நிபந்தனை. ஆறு பேர் டெண்டர் கொடுத்தார்கள். அவற்றில் அதிகத் தொகை சொன்னவர், மாதம் ரூ.6,666.66 லைசென்ஸ் கட்டணம் கட்டுவதாக எழுதியிருந்தார். அவர் பல கம்பெனிகளில் காண்டீன் நடத்தியவர். பத்து ஆண்டு அனுபவம் உண்டு. ஆனால் நிபந்தனையில் சொன்னபடி பதிவு பெற்ற இரண்டாந்தர ஓட்டல்காரர் அல்ல. ஆணையம் அவரிடம் ஆதாரம் கேட்டது, பதில் வந்தது, "அனுபவம் இருக்கிறதே, போதும்" என்று திருப்தி அடைந்து அவருக்கே கொடுத்துவிட்டது.

இதை எதிர்த்து வந்தவர் ரமணா தயாராம் ஷெட்டி. அவர் டெண்டரே கொடுக்காதவர்! "டெண்டர் கொடுக்காத உனக்கு இங்கே என்ன வேலை?" என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது. நானும் பதிவு பெற்ற ஓட்டல்காரன் அல்ல. நிபந்தனையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். நிபந்தனை வெறும் ஒப்புக்குத்தான் என்று தெரிந்திருந்தால் நானும் விலை போட்டிருப்பேனே என்றார்.

யோசித்துப் பார்த்தால் நம் ஊர் விஷயமும் இதுவேதான். "மூன்று கோடி ரூபாய்க்கு ஒரே வேலை செய்து முடித்திருக்க வேண்டும்" என்று நோட்டீசில் இருக்கும். சிறிய காண்டிராக்டர் அதைப் படித்துவிட்டு பாரமே வாங்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். கடைசியில் வேலை கிடைத்தவரைப் பார்த்தால், அவருக்கும் அந்தத் தகுதி இருக்காது. ஏமாந்தவர் டெண்டரில் தோற்றவர் மட்டுமல்ல. உள்ளேயே வராமல் திரும்பியவரும்தான். அவருடைய பெயர் எந்த பைலிலும் இருக்காது.

பம்பாய் ஐகோர்ட்டு ஷெட்டியின் மனுவைத் தள்ளியது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு 1979 மே 4-ந் தேதி வெளியாயிற்று. அதன் சாரம் இதுதான்: இன்றைக்கு வேலை, லைசென்ஸ், கோட்டா, சுரங்க உரிமை, காண்டிராக்ட் என்று ஜனங்களின் வாழ்வுக்கு வேண்டிய பலவற்றையும் வழங்கும் பெரிய கை சர்க்காருடையது. அந்தக் கை தனி மனிதனின் கை போல விருப்பு வெறுப்புக்கு ஏற்ப நீள முடியாது. தானே ஒரு அளவுகோலை அறிவித்துவிட்டால், அதற்குத் தானும் கட்டுப்பட வேண்டும். நிபந்தனையைத் தளர்த்த நினைத்தால், எல்லோருக்கும் தெரியும்படி தளர்த்தி, எல்லோரையும் கூப்பிட வேண்டும். இதற்கு ஆதாரமாக, 1959-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஒரு சர்க்கார் ஊழியரின் வேலை நீக்க வழக்கில் சொன்ன நியாயத்தை பகவதி எடுத்துக் காட்டினார். ஊழியரை நீக்க இலாகா தானே வகுத்துக்கொண்ட முறையை இலாகாவே மீறியதால், அந்த நீக்கம் செல்லாது என்று அங்கே முடிவாகியிருந்தது.

இன்னொரு விஷயத்தையும் அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசியது. விமான நிலைய ஆணையம் சர்க்கார் இலாகா அல்ல, சட்டம் போட்டு அமைத்த தனி ஸ்தாபனம். அதைக் கேள்வி கேட்க முடியுமா? முடியும் என்றார் பகவதி. முதல் யாருடையது, கட்டுப்பாடு யாருடையது, செய்கிற காரியம் பொதுக் காரியமா என்று பார்க்க வேண்டும். சர்க்காரின் கருவியாக இருந்தால் சர்க்காருக்குள்ள கட்டுப்பாடு அதற்கும் உண்டு. போர்டு என்றும் கார்ப்பரேஷன் என்றும் பெயர் மாற்றி வைத்துக்கொண்டு தப்பித்துவிட முடியாது என்று இதற்கு அர்த்தம்.

ஜெயித்தும் தோற்றவர்

இவ்வளவும் சொன்ன கோர்ட்டு, ஷெட்டிக்கு என்ன கொடுத்தது? ஒன்றும் கொடுக்கவில்லை. மனு தள்ளுபடி!

ஆணையம் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டுதான் தள்ளியது. டெண்டர் ஏற்கப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் கழித்து அவர் ஐகோர்ட்டுக்குப் போயிருந்தார். அதற்குள் காண்டிராக்ட் எடுத்தவர் ஓட்டலுக்காகச் சுமார் ரூ.1,25,000 செலவழித்துவிட்டார். போதாக்குறைக்கு, ஷெட்டிக்கு இதில் சொந்த அக்கறை இல்லை, வேறொருவர் பின்னால் இருந்து அனுப்பி வந்தவர் என்றும் நீதிபதிகளுக்குத் தோன்றியது. இந்தியா முழுவதும் டெண்டர் வழக்குகளில் இன்றும் வக்கீல்கள் முதலில் எடுத்து வைக்கிற தீர்ப்பு இது. அதைக் கொண்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினார். நம்மவர்கள் மனதில் வைக்க வேண்டியது பகவதியின் வாசகங்களைவிட இந்த ஐந்து மாதம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பீடி இலை முதல் மடத்து நிலம் வரை

ஷெட்டி வழக்குக்கு முன்பும் கோர்ட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. வேலூர், குடியாத்தம் பக்கத்து ஜனங்களுக்குப் பீடி இலையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரிஸ்ஸாவில் அந்த இலை வியாபாரம் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சர்க்கார் வசம் வந்தது. 1968-ல் அந்த சர்க்கார், ஏற்கனவே இலை வாங்கி வந்தவர்களுக்கே காண்டிராக்டைத் தொடர்ந்து கொடுக்க ஏற்பாடு செய்தது. பழைய ஆட்கள்தான் ஒழுங்காகப் பணம் கட்டினார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். புதியவர் நுழையவே வழி இல்லாமல் கதவைச் சாத்துவது செல்லாது என்று 1969 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. 1974-ல் மேற்கு வங்காளத்து வழக்கு ஒன்றில், ஒரு வியாபாரியின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன் அவர் பக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வாய் திறந்தால் "பிளாக் லிஸ்டு" என்று மிரட்டப்படுகிற சின்னக் காண்டிராக்டருக்கு இது பெரிய கவசம்.

1985-ல் வந்த அரியானா வழக்கு சுவையானது. சிறு கனிமங்கள் எடுக்கும் உரிமைக்கு ஏலம் நடந்தது. அதிகம் கேட்டவருக்குக் கொடுக்கவில்லை. வேறொருவர் முதல் மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார், ஆண்டுக்கு நாலரை லட்சம் தருகிறேன் என்று. ஏலத் தொகையைவிட அது அதிகம்தான். அதைக் காட்டி உரிமையை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "சர்க்காருக்கு லாபம்தானே, என்ன தவறு?" என்பது சர்க்கார் தரப்பு வாதம். நீதிபதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுப்ரீம் கோர்ட்டிலேயே இரண்டு பேரையும் எதிர் எதிரே விலை கேட்கச் சொன்னார்கள். விலை ஏறிக்கொண்டே போய், முதலில் ஏலத்தில் நின்றவர் ஆண்டுக்கு ரூ.25 லட்சத்தில் முடித்தார். மூடிய கடிதத்தில் நாலரை லட்சம். நாலு பேர் பார்க்க 25 லட்சம். வித்தியாசம் யாருடைய காசு?

அடுத்த ஆண்டு, 1986-ல், நம் ஆந்திரப் பிரதேச சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வந்தது. மடத்துக்குச் சொந்தமான நிலத்தைப் பொது ஏலம் இல்லாமல் தனிப் பேச்சுவார்த்தையில் விற்க சர்க்கார் அனுமதி கொடுத்தது பற்றிய வழக்கு அது. செஞ்சு ராமி ரெட்டி வழக்கு என்று பெயர். அதில் நீதிபதி தக்கர் கேட்ட கேள்வி சாதாரண மனிதனின் கேள்வி. தனியாகப் பேசி வாங்கத் தயாராக இருக்கிறவர், ஏலத்துக்கும் வந்து வாங்கலாமே. அங்கே வர ஏன் கூச்சம்? கோவில், மடம், தர்ம ஸ்தாபனங்களின் சொத்தில் பெரும் ஜனத்தொகைக்குப் பாத்தியதை உண்டு. விசேஷக் காரணம் இல்லாமல் அதை ஜனங்களின் கண்ணுக்கு மறைவாக விற்கக்கூடாது என்பது தீர்ப்பு. 1989-ல் தமிழ்நாட்டுத் தர்ம ஸ்தாபனம் ஒன்றின் நில விற்பனை வழக்கிலும் இதே தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு எடுத்தாண்டது.

திருப்பதியில்

கோவில் சொத்து என்றவுடன் திருமலை நினைவுக்கு வராமல் இருக்காது. தேவஸ்தானம் 1987-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அதன் போர்டை நியமிப்பது மாநில சர்க்கார். அங்கே நெய், பருப்பு, முந்திரி முதல் கட்டிட வேலை வரை டெண்டரில் போகிறது. பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடியும் ஏலத்தில்தான் விற்கிறது. 2011-ல் அந்த ஏலத்தை இணையம் வழியாக நடத்தத் தொடங்கிய பிறகு, தேவஸ்தானத்தின் முடி வருமானம் மளமளவென்று கூடியது. முடியின் நீளம் கூடவில்லை. ஏலத்தில் விலை கேட்கிறவர்கள் கூடினார்கள்.

லட்டுக்கு வாங்கிய நெய் விவகாரம் வேறு விதமானது. கிலோ சுமார் ரூ.320-க்கு வாங்கிய நெய்யில் கலப்படம் என்று 2024 செப்டம்பரில் பெரும் புயல் கிளம்பியது. அக்டோபர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சி.பி.ஐ. அதிகாரிகள் இருவர், மாநிலப் போலீசார் இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணைய அதிகாரி ஒருவர் என்று ஐந்து பேர் குழுவை அமைத்தது. 2025 பிப்ரவரியில் பால் பண்ணைகளைச் சேர்ந்த நான்கு பேர் கைதானார்கள். யார் குற்றவாளி என்பது கோர்ட்டு சொல்ல வேண்டிய விஷயம். கட்சிக்காரர்கள் மேடையில் சொல்வதை நாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விசாரணையில் எழுந்த கேள்விகளில் ஒன்று, சப்ளை செய்வோருக்கான டெண்டர் தகுதி நிபந்தனைகள் தளர்த்தப்பட்டது எப்படி என்பது. 1977-ல் விமான நிலையத்தில் கேட்ட அதே கேள்வி!

குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டோம், ஆகையால் சலுகை இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்லித் தப்ப முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். விலை குறைவாக இருப்பது ஒன்று. அந்த விலைக்கு அந்தச் சரக்கைக் கொடுக்க அவருக்குத் தகுதி உண்டா என்று நோட்டீசில் சொன்னபடி பார்ப்பது இன்னொன்று.

மூன்று மாநிலம், மூன்று முறை

குப்பம் பக்கத்து மேஸ்திரி காலையில் ஆந்திராவில் வேலை பார்த்து, மறுநாள் கிருஷ்ணகிரியிலும் அடுத்த வாரம் கோலாரிலும் வேலை பார்ப்பார். மூன்று இடத்திலும் சிமெண்டு ஒன்றுதான். டெண்டர் சட்டம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 1998-ல் டெண்டர்களில் வெளிப்படைத் தன்மைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. டெண்டர் செய்தி மடலில் அறிவிப்பு வர வேண்டும். முடிவு பிடிக்காத டெண்டர்தாரர் பத்து நாளுக்குள் சர்க்காருக்கு அப்பீல் செய்யலாம். கர்நாடகத்தில் 1999-ல் இது போன்ற சட்டம் பிறந்தது. ஆந்திராவில் 2003 முதலே இணைய வழி டெண்டர் முறை நடைமுறைக்கு வந்தது. அது நல்ல காரியம். 2019-ல், நூறு கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வேலைகளின் டெண்டர் பத்திரங்களை முன்கூட்டியே ஒரு நீதிபதியிடம் காட்ட வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். 2024-ல் ஆட்சி மாறியதும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இருந்தபோதும்கூட, நூறு கோடிக்கு மேல் என்பது நம்மவர் காணாத உயரம். பத்து லட்ச ரூபாய் சாக்கடை வேலையில், "நாமினேஷன்" என்று டெண்டரே இல்லாமல் கொடுக்கும் சில்லறை வேலையில் நடப்பதை அந்த நீதிபதி பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் ஐகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சித்தூர்க்காரர்களுக்கு அந்த ஐகோர்ட்டே ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தது. 1953 வரை இந்த மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. வக்கீலைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏறினால் போதும். 1954-ல் குண்டூருக்கு, 1956-ல் ஐதராபாத்துக்கு, 2019 ஜனவரி 1 முதல் அமராவதிக்கு! தினக்கூலி வேலை செய்யும் மேஸ்திரிக்கு அமராவதி போய் வருவதே ஒரு வாரச் சம்பளம்.

போனாலும் கோர்ட்டு எல்லாவற்றிலும் தலையிடாது. 1994-ல் டாட்டா செல்லுலர் வழக்கில், முடிவு சரியா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல, முடிவுக்கு வந்த முறை சரியா என்றுதான் பார்ப்போம் என்று சுப்ரீம் கோர்ட்டு கோடு கிழித்தது. 2006-ல் ஜகதீஷ் மண்டல் வழக்கில் இன்னும் இறுக்கியது. ஒருவருக்குச் சலுகை காட்டவோ கெட்ட எண்ணத்திலோ செய்ததா, அல்லது புத்தியுள்ள எவரும் செய்யாத காரியமா, அதனால் பொது நலனுக்குக் கேடு உண்டா என்று பார்த்து, இல்லை என்றால் விட்டுவிட வேண்டும் என்றது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, ரோடு, பாலம் போன்ற அடிப்படை வசதித் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடையுத்தரவு கொடுக்கக்கூடாது என்றார்கள். பொய் வழக்குப் போட்டு வேலையை முடக்கும் காண்டிராக்டர்களும் இருப்பதால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிஜமாகவே ஏமாந்தவருக்கு வாசல் இன்னும் குறுகிவிட்டது. தார் ஊற்றிய பிறகு போனால் கோர்ட்டு ரோட்டைப் பெயர்த்துத் தராது.

ஆகவே சுருக்காகச் செயல்பட வேண்டும். நிபந்தனையே ஒருவருக்காகத் தைத்த சட்டை போல இருந்தால், டெண்டர் திறக்குமுன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்க வேண்டும். பங்கு கொண்டு தோற்ற பிறகு "நிபந்தனை தவறு" என்றால், முதலில் ஏன் சொல்லவில்லை என்றுதான் நீதிபதி கேட்பார். ஆபீசில் இருக்கும் குமாஸ்தா நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "இவருக்கு இந்தத் தகுதி இல்லை" என்று ஒப்பீட்டுப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் எழுதிய ஒரு வரியை மேலதிகாரி அடித்தால், அடித்த தடம் பைலில் நிற்கும். எழுதாமலே விட்டால், நாளைக்கு விசாரணை வரும்போது கையெழுத்துப் போட்ட குமாஸ்தாதான் முதலில் கூப்பிடப்படுவார்.

பைலைப் பார்ப்பதற்கு 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் முடிவாகுமுன் மற்றவர்கள் சொன்ன விலையைக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்; அது வியாபார ரகசியம். முடிவான பிறகு ஒப்பீட்டுப் பட்டியல், டெண்டர் கமிட்டியின் முடிவு, வேலை உத்தரவு, எடுத்தவர் காட்டிய தகுதிச் சான்று ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். "எல்லா விவரமும் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகவே பதில் வரும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே ஆபீசின் மேலதிகாரிக்கு முதல் அப்பீல், அதற்கும் மேல் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் கமிஷனுக்கு இரண்டாவது அப்பீல். ஷெட்டி தாமதித்த ஐந்து மாதத்தை இந்த நாட்களோடு கூட்டிப் பார்த்தால், தகவல் கையில் வரும் வரை ஐகோர்ட்டு மனுவை நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனமல்ல என்று தெரியும். இரண்டையும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். ஆந்திராவில் மனுக் கட்டணம் கிராம அளவில் இல்லை, மண்டல அளவில் ஐந்து ரூபாய், அதற்கு மேல் பத்து ரூபாய். நகல் ஏ-4 பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.